ஏழு அங்குல வட்டம்

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் வண்டியின் சத்தத்தைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். ஹெட்லைட்டைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே, "பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேர்ந்துடுவேன் சார்" என்பார். அந்த மங்கல் வெளிச்சத்தைப் பிறவிக் குறை என்று ஏற்றுக்கொண்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கையில் கிடைத்த வெள்ளை எல்.இ.டி.யை மாட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பறிக்கிறார்கள். இரண்டு கட்சியும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் குறை. அந்த விளக்கு எங்கே பிறந்து, எந்த வழியாக நம் ஊர் வந்து சேர்ந்தது என்று பார்த்தால், தகராறு பெரும்பாலும் பல்பில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த, பின்னாளில் புல்லட்டைப் பெற்றெடுத்த என்ஃபீல்டு கம்பெனி 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளை வெளியே விட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் மின்விளக்கு கிடையாது. இருட்டுக்குத் துணை கார்பைடு கல். மாம்பழ மண்டிகளில் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைக்கிறார்களே, அதே கல்தான். பித்தளை டப்பாவின் கீழறையில் கல், மேலறையில் தண்ணீர். சின்ன வால்வைத் திருகினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும். அசிட்டிலீன் வாயு கிளம்பி ரப்பர் குழாய் வழியே விளக்குக்குப் போகும். ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி இறங்கி, விளக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்து தீக்குச்சி கிழித்துக் காட்டுவார். விசிறி போல விரிந்த வெள்ளைச் சுடர், அதற்குப் பின்னால் ஒரு குழிவான ஆடி.

வெளிச்சம் மோசமில்லை. அதைக் கட்டிக்காப்பதுதான் பெரிய பாடு. வால்வை மூடினாலும் நனைந்த கல் சும்மா இருக்காது, வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கலப்படமுள்ள கல்லாக இருந்தால் பூண்டு நாற்றம் வேறு. மறுநாள் காலையில் டப்பாவுக்குள் மிச்சமிருப்பது ஈரச் சுண்ணாம்பு. அதைச் சுரண்டிக் கழுவி வைக்காவிட்டால் அன்று இரவு இருட்டுதான். சுடரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சுடர் வரை வாயு ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதே அப்போதும் கவலை.

1920-களில் மின்சாரம் வந்தது. தீப்பொறி தரும் மாக்னெட்டோவும் விளக்குக்கான டைனமோவும் ஒரே உறைக்குள் சேர்ந்த 'மாக்டைனோ' பிரிட்டிஷ் வண்டிகளில் பரவியது. அதைச் செய்தவர்களில் முதன்மையானது பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி. சைக்கிளுக்கு எண்ணெய் விளக்கு விற்ற காலத்திலேயே தன் விளக்குகளுக்கு 'சாலையின் அரசன்' என்று பெயர் சூட்டிக்கொண்ட கம்பெனி அது. பின்னாளில் அதே லூகாஸுக்கு வண்டிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'. இந்தப் பதவியிறக்கத்துக்கு லூகாஸை மட்டும் பழிப்பது நியாயமில்லை. ஆறு வோல்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆசிட் பேட்டரியில் ஓர் அறைக்கு 2 வோல்ட். மூன்று அறை என்றால் 6 வோல்ட். மோட்டார் சைக்கிளில் இடம் குறைவு, எடையும் பார்க்க வேண்டும், ஆகவே மூன்று அறையோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரே வாட்டுக்கு 6 வோல்ட் பல்பின் இழை 12 வோல்ட் இழையைவிடக் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும், குலுக்கலைத் தாங்கும். ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கெடுதல் எங்கே என்றால், கணக்கில். 6 வோல்ட்டில் 30 வாட் பல்ப் எரிய 5 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த பல்பின் இழைக்கு எரியும்போது இருக்கும் தடை 1.2 ஓம். வழியில் துருப்பிடித்த முனைகளும் தளர்ந்த சுவிட்சும் சேர்ந்து வெறும் 0.2 ஓம் கூட்டினால் போதும், பல்புக்குப் போய்ச்சேருவது சுமார் 5.1 வோல்ட்தான். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு சமமாகக் குறையாது, பல மடங்கு வேகமாகச் சரியும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். இந்த 0.2 ஓம் கணக்கில் போவது கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். அதே 30 வாட், அதே துரு, ஆனால் 12 வோல்ட் என்றால் இழப்பு பதின்மூன்று சதவீதம் அளவில் நின்றுவிடும். கார்களும் பின்னர் மோட்டார் சைக்கிள்களும் 12 வோல்ட்டுக்கு மாறியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

அதே 1920-களின் நடுவில்தான் ஒரே பல்புக்குள் இரண்டு இழை வைக்கும் வழக்கமும் வந்தது. ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு. நாம் ஹை பீம், லோ பீம் என்கிறோமே, அதன் ஆரம்பம். 1939-ல் போர் வந்ததும் இந்த விளக்குகளுக்கெல்லாம் பிரிட்டனில் முகமூடி போட்டார்கள். வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி, கீறல் வழியாகக் கொஞ்சமே கொஞ்சம் வெளிச்சம் சாலையில் விழும்படி தகர மூடி. நம் ஊரில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவது எதிரே வருபவரின் கண்ணுக்காக, அந்த மூடி விமானத்தின் கண்ணுக்குத் தப்ப.

புல்லட்டுக்குத் தனி முகம் கிடைத்தது 1954 மாடலில். அதுவரை ஹெட்லைட் என்றால் இரண்டு காதுகளுக்கு நடுவே தொங்கும் தனிக் குடுவை. ரெட்டிச்காரர்கள் முன் ஃபோர்க்கின் தலைப்பாகத்தையும் ஹெட்லைட் உறையையும் சேர்த்து ஒரே அலுமினிய வார்ப்பாக்கினார்கள். ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், லைட் சுவிட்ச் எல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. பெரிய விளக்குக்கு இரு பக்கமும் மேலாக இரண்டு குட்டி விளக்குகள். டைகர் லாம்ப் என்று எல்லோரும் சொல்வது அவற்றைத்தான். பார்க்கிங் விளக்கு அளவுக்கே எரியும், சாலைக்குப் பயன் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த இரண்டும் இல்லாத புல்லட்டை யாரும் புல்லட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த முகம் சென்னைக்கு வந்ததும் தற்செயல் இல்லை. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட்டுகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் வாங்கியது. அவை 1953-ல் கப்பலில் வந்து இறங்கின. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு அச்சுகளும் கருவிகளுமே இங்கே வந்துவிட்டன. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றது. திருவொற்றியூர் மட்டும் 1950-களின் அதே வடிவத்தை விடாமல் வார்த்துக்கொண்டிருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பிறந்த ஊரில் செத்துப்போன ஒரு முகத்துக்குக் கடற்கரையோரத்து மெட்ராஸ் ஆயுள் கொடுத்தது என்பது மிகைப்பேச்சு இல்லை. 2023-ல் வந்த புது புல்லட் 350-லும் டைகர் லாம்ப் இருக்கிறது.

உள்ளே இருந்ததெல்லாம் மாறியது. 6 வோல்ட் 12 ஆனது, இழை பல்ப் ஹாலஜன் ஆனது. மாறாமல் நின்றது ஒன்று: கண்ணாடியின் குறுக்களவு ஏழு அங்குலம். இந்த அளவு புல்லட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1940-ல் கார்களுக்கு நிர்ணயித்த சீல்டு பீம் விளக்கும் இதே ஏழு அங்குலம். ஜீப், லேண்ட் ரோவர், மினி, நம் அம்பாசடர் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கியவை. பழைய வண்டியின் மற்ற பாகங்களுக்கு நாய் படாத பாடு படுகிறவர்கள், ஹெட்லைட்டுக்கு மட்டும் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு நடை நடந்தால் கையில் பையோடு திரும்பலாம்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வட்டம் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

விவரம் தெரிந்த மெக்கானிக் ஹெட்லைட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குரோம் வளையத்தின் விளிம்பில் உள்ள ஒற்றை ஸ்க்ரூவைத் தளர்த்துவார். இடது உள்ளங்கையைக் கண்ணாடிக்கு அணை கொடுத்து, வளையத்தை மெல்ல நெம்புவார். கண்ணாடியும் ரிப்ளெக்டரும் ஒன்றாகக் கையில் வரும். அவற்றை வளையத்தோடு பிடித்து வைத்திருப்பவை வளைந்த எஃகுக் கம்பிக் கிளிப்புகள். ஒன்றைக் கவனமில்லாமல் எடுத்தால் பட்டறையின் மறுகோடியில் போய்த் தேட வேண்டியதுதான். பின்னால் மூன்று வயர்: ஹை, லோ, எர்த். ஹோல்டரைப் பிடுங்கியதும் அவர் பல்பைப் பார்க்க மாட்டார். பச்சை பூத்த பித்தளை முனைகளைக் கட்டைவிரலால் தேய்ப்பார். பிறகு ரிப்ளெக்டரை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடி போல் பளபளக்க வேண்டிய இடம் பழைய அலுமினியப் பாத்திரத்தின் அடிபோல் மங்கியிருந்தால், "இதுல எந்த பல்ப போட்டாலும் இதே கதிதாண்ணே" என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். அங்கே துணியை எடுத்துத் துடைக்கப் போகாதீர்கள். உட்பூச்சு மெல்லியது, துடைத்தால் கையோடு வந்துவிடும்.

அடுத்தது மீட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எவ்வளவு, விளக்கு எரியும்போது பல்பின் கால்களில் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் புது பல்புக்குச் செலவழிப்பது வீண். அந்த வோல்ட் எங்கே தொலைகிறது? பழைய வண்டியில் மின்சாரம் ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், அங்கிருந்து லைட் சுவிட்ச், அங்கிருந்து ஹேண்டில்பாரில் உள்ள டிம்–டிப் சுவிட்ச், பிறகுதான் பல்ப். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகிறது. திரும்பிப் போகும் வழி அதைவிட மோசம். பல பழைய வண்டிகளில் எர்த்துக்குத் தனி வயரே கிடையாது, சேஸிஸ்தான் எர்த். ஹெட்லைட் இருப்பது ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகத்தில், பேட்டரி இருப்பது சேஸிஸில். இரண்டையும் இணைப்பது கிரீஸில் ஊறிய ஸ்டியரிங் பேரிங் குண்டுகள். ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு மினுக்கினால் அந்தக் குண்டுகளின் வழியாகத்தான் உங்கள் எர்த் போய்க்கொண்டிருக்கிறது.

வைத்தியம் மலிவானது. பல்பிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு வயர். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, புது லக் போட்டு இறுக்க வேண்டும். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பழைய சுவிட்ச் இனிமேல் ரிலேயைத் தட்டியெழுப்பும் அளவுக்கு மட்டும் மின்சாரத்தைச் சுமக்கும். விளக்குக்கான கனமான மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, ரிலே வழியாக, நேராகப் பல்புக்குப் போகும். ரிலேயின் அடியில் நான்கு எண்கள் அச்சடித்திருக்கும்: 85, 86 சுவிட்சுக்கும் எர்த்துக்கும், 30 பேட்டரிக்கு, 87 பல்புக்கு. 60 வாட்டுக்கு 10 ஆம்பியர் பியூஸ் போதும், அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பல பேர் பியூஸை விளக்கின் பக்கம் வைக்கிறார்கள். நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அந்த பியூஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிலேயை டூல் பாக்ஸ் பக்கமோ டேங்குக்கு அடியிலோ மறைத்துவிட்டால் வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

இதைச் செய்து முடித்த பிறகு பல்புக்கு வருவோம். பழைய வகை 45/40 வாட் இழை பல்பின் வெளிச்சம் ஹை பீமில் சுமார் 860 லூமென், லோ பீமில் 675. 1971-ல் வந்த ஹெச்4 ஹாலஜன், 60/55 வாட்டில் 1650-ம் 1000-மும் தருகிறது. மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் கூடுதல், ஹை பீமில் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு. சாதாரண பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். ஹாலஜன் வாயு அந்த டங்ஸ்டனைப் பிடித்துத் திரும்ப இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் இழையை அதிகச் சூட்டில் எரியவிடலாம். கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்பதும் அந்தச் சூட்டால்தான். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் காய்ந்து பல்ப் சீக்கிரம் போய்விடும். பழைய பல்பின் தட்டும் ஹெச்4-ன் தட்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அளவு வேறு. பழைய ரிப்ளெக்டருக்குப் பொருந்தும் தட்டோடு வரும் ஹாலஜன் பல்புகளும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

கடைக்காரர் உடனே 100/90 வாட்டை நீட்டுவார். வேண்டாம். 100 வாட் என்றால் எட்டு ஆம்பியருக்கு மேல். பழைய ஆல்டர்னேட்டரால் அதை ஈடுகட்ட முடியாது, ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கருகும். புல்லட்டுக்கு முகத்திலேயே அம்மீட்டர் இருப்பது வீணுக்கு இல்லை. விளக்கைப் போட்டு வண்டியைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போதும் முள் மைனஸ் பக்கமே கிடந்தால், நீங்கள் பேட்டரியைத் தின்றுகொண்டு போகிறீர்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு 35/35 வாட் ஹாலஜனே சரி. 2017 ஏப்ரல் 1 முதல் புது இரு சக்கர வாகனங்களுக்கு ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி. அந்தப் பழக்கத்தைப் பழைய 6 வோல்ட் வண்டியில் காட்டினால் சாயங்காலம் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

இனி எல்.இ.டி. எனக்கு அதன்மேல் பகை இல்லை. மின்சாரம் குறைவு, பலவீனமான ஆல்டர்னேட்டருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ரிப்ளெக்டர் என்பது இழை எந்தப் புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் குழிவு செய்யப்பட்ட பொருள். அந்தப் புள்ளியில் மெல்லிய இழைக்குப் பதில் பட்டையான சில்லுகள் வந்து உட்கார்ந்தால் வெளிச்சம் சிதறும். சாலையில் விழ வேண்டியது மரக்கிளையிலும் எதிரே வருபவர் முகத்திலும் விழும். லைட் பிரமாதமாக இருப்பதாக ஓட்டுகிறவருக்குத் தோன்றும், தூரத்துப் பள்ளம் மட்டும் தெரியாது. எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் கண்ணாடி, ரிப்ளெக்டர் எல்லாம் சேர்ந்து ஒரே யூனிட்டாக வரும் ஏழு அங்குல விளக்கை வாங்கலாம். அதிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பின்புறத்து ஆழம். சூடு தணிக்கும் உலோகப் பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும், புல்லட்டின் முகப்புக்குள் ஸ்பீடோமீட்டரும் வயர்க் கூட்டமும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மற்றொன்று, அது எந்தப் பக்கப் போக்குவரத்துக்குச் செய்யப்பட்டது என்பது. வலப்பக்கம் போகும் நாடுகளுக்கான விளக்கில் லோ பீம் வலப்பக்கம் உயர்ந்திருக்கும். இங்கே அது நேராக எதிரே வருபவரின் கண்ணில் குத்தும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், இழை பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. எல்.இ.டி. அப்படி மாற்றிக் கொடுத்தால் எரியாது, சிலசமயம் பழுதாகிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவத்தோடு பராமரிக்கப்படும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். முகப்பை அறுத்தோ துளை போட்டோ வேலை செய்தவர்கள் பிறகு வருந்துவார்கள். ரிலே, எர்த் வயர், ஹாலஜன் பல்ப் மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். என் ஓட்டு இந்த மூன்றுக்கே. மங்கிய ரிப்ளெக்டரையும் எடைக்குப் போடாமல் காகிதம் சுற்றி எடுத்து வையுங்கள், புதுப் பூச்சு கொடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நீங்கள் உட்கார்ந்தால்தான் பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும், ஆகவே ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு, ஹெட்லைட்டின் நடுமட்டத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே சுவரில் விழ வேண்டும். அதற்கு மேலே விழுந்தால் யூனிட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மறுபடி இறுக்குங்கள். பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வழக்கம் உள்ளவர் என்றால் அவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகு உங்கள் ஹை பீம் முன்பைவிட அதிகத் தூரம் எட்டும். எதிரே ஒரு வண்டி தெரிந்ததும், அவர் டிம் அடிக்கிறாரா என்று காத்திராமல், முதலில் நீங்கள் இறக்கிவிடுங்கள்.